பிரித்து எழுதுக: நிலவியல்

ஆத்தா,

உன் கல்யாணப் பத்திரிகையில் ஒரு கட்டு மிச்சமாகி, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கிறது. பழைய பேப்பர் எடுக்கிறவரிடம் போடலாம் என்றால் உங்கம்மா விடமாட்டேன் என்கிறாள். மஞ்சள் தடவிய பத்திரிகையை எடைக்குப் போடக்கூடாதாம். இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழய்யாவாக இருந்தவனுக்கு ஒரு பக்கம் எழுதாத தாளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். அதனால் அந்தப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஒரு அட்டை நிறைந்ததும் அடுத்த அட்டை. மூலையில் எண் போட்டிருக்கிறேன், வரிசை மாற்றிப் படித்துவிட்டு அப்பாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்லாதே. நாளை மறுநாள் தேனியில் நீ ரயிலேறும்போது முறுக்கு டப்பாவுக்கு அடியில் இந்தக் கட்டு இருக்கும். ராஞ்சி போய்ச் சேருகிற வரை முறுக்கும் வரும், நானும் வருவேன்.

பத்திரிகையில் உன் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று பேச்சு வந்த அன்று, "ஜியாலஜின்னே போட்டுருங்கப்பா, எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான" என்று நீ சொன்னாய். எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் என் கவலையே. நம் பள்ளத்தாக்கில் ஜியாலஜி என்றால் படிப்பு இல்லை, ஆள். தண்ணீருக்குப் போர் போடுவதற்கு முன்னால் மிஷினோடு வந்து, தோட்டத்தில் கம்பி நட்டு, வயர் இழுத்து, ஓரிடத்தில் கல்லை வைத்து அடையாளம் சொல்லிவிட்டுப் போகிறவர். "நேத்து ஜியாலஜி வந்தாக, ரெண்டு பாயிண்ட் குடுத்துட்டுப் போயிருக்காக" என்று டீக்கடையில் மரியாதை விகுதி போட்டே பேசுகிறார்கள். ஒரு கிரேக்கச் சொல்லுக்கு இவ்வளவு மரியாதை அது பிறந்த ஊரிலேயே கிடைத்திருக்காது. நீ கல்லூரியில் சேர்ந்து முதல் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது மேலத்தெருச் சித்தப்பா கையில் தேங்காயோடு வந்து நின்றது நினைவிருக்கிறதா? தோப்பில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். "நான் இன்னும் கல்லுக்குப் பேரே படிச்சு முடிக்கல சித்தப்பா" என்றாய். "பேரு கெடக்கு தாயி, தண்ணி எங்கன இருக்கு, அதச் சொல்லு" என்றார். நீ முழித்த முழி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

சரி, ஜியாலஜி வேண்டாம், நல்ல தமிழில் போடுவோம் என்று முடிவு செய்தேன். மகள் கல்யாணப் பத்திரிகையில் தமிழய்யா ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டால் என்னிடம் படித்த பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? புவியியல் என்று போடலாமா என்று பார்த்தேன். அரசாங்கத் துறை ஒன்றின் பலகையில் உன் படிப்புக்கு அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதே சொல்லுக்கு மேப்பில் ஆற்றை வரைவது என்று அர்த்தம். மண்ணியல் என்றால் அது வேறு படிப்பு, மண்ணைச் சோதித்து உரம் சொல்கிறவர்களுடையது. கடைசியில் நிலவியல் என்ற சொல்லைப் பிடித்தேன். நிலம், இயல், நிலவியல். சொல்லிப் பார்த்தால் வாய்க்கு இனிப்பாக இருந்தது. கம்பத்து அச்சகத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண், "சார், இது இப்படியேதான் வரணுமா?" என்று கேட்டது. "ஒரு எழுத்து மாறக்கூடாது" என்று மிடுக்காகச் சொன்னேன். அந்தப் பெண் எதற்காகக் கேட்டது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சொல்லின் மேல் எனக்கு இந்தக் கிறுக்கு வந்ததற்கு நீயும் ஒரு காரணம். ஒரு விடுமுறையில் அடுப்படிப் படியில் உட்கார்ந்து திராட்சை தின்றுகொண்டே நீதான் ஜியாலஜியின் பூர்வீகத்தைச் சொன்னாய். முன்பாதி கிரேக்கத்தில் நிலம், நிலத்தாய். பின்பாதி சொல், பேச்சு. ஆக மொத்தம் நிலத்தைப் பற்றிய பேச்சு. அப்படியானால் நம் காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கிற அத்தனை பேரும் ஜியாலஜிஸ்ட்தான், அவர்களுக்கு வேறு பேச்சே கிடையாதே என்றேன். நீ புரையேறச் சிரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாய். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு பாதிரியார் லத்தீனில் அந்தச் சொல்லை எழுதியபோது அதில் பாறையும் இல்லை, பூகம்பமும் இல்லையாம். கடவுளைப் பற்றிய சாத்திரம் ஒரு பக்கம் என்றால், மண்ணில் நடக்கிற வழக்கு, சட்டம் முதலானவை மறுபக்கம். அந்த மறுபக்கத்துக்குத்தான் அவர் அந்தப் பெயரை வைத்தாராம். பாறைக்கும் மலைக்கும் அந்தச் சொல் குடிபோனது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். அன்றைக்கு இதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தில் உங்கம்மா கொடுத்த காப்பி ஆறிப்போனது.

அதனால்தான் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்து, பையன் உத்தமபாளையம் கோர்ட்டில் வக்கீல், எடுக்கிற வழக்கெல்லாம் வரப்புத் தகராறு, பாதைத் தகராறு, வாய்க்கால் தகராறு என்று தெரிந்ததும் நான் துள்ளினேன். உன் படிப்பின் பழைய அர்த்தத்தை அவர் பார்க்கிறார், புது அர்த்தத்தை நீ பார்க்கிறாய், ஒரே சொல்லுக்குள் இரண்டு பேரும் குடியிருக்கலாம், இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று உங்கம்மாவிடம் சொன்னேன். "பத்துப் பொருத்தத்துல எட்டு இருக்குன்னு ஜோசியர் சொல்லிட்டாக, அது போதும். உங்க பொருத்தத்த நீங்களே வச்சுக்கங்க" என்றாள்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பொண்ணு என்ன படிச்சிருக்கு என்று சம்பந்தியம்மா கேட்டார். "நிலவியல்ல எம்.எஸ்.சி." என்றேன், மேடையில் பேசுகிற மாதிரி. அந்த அம்மா முகம் மலர்ந்துவிட்டது. திராட்சைத் தோட்டத்தில் வெயிலில் நின்று நின்று கறுத்த முகம் அது, சிரித்தால் அவ்வளவு அழகு. "அதப் படிக்கவும் காலேஜ் இருக்காண்ணே?" என்றார். இருக்கிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டு மாடியில இருந்தே அந்த வேலையச் செய்யலாமா?" என்று கேட்டார். மாடியில் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்ப்பதைக் கேட்கிறார் என்று நினைத்தேன். மேலத்தெருவில் பாதிப் பேர் அப்படித்தானே பார்க்கிறார்கள். "இப்பல்லாம் எல்லாத்தையும் வீட்டுல இருந்தேதான் செய்யிறாக" என்று அடித்துவிட்டேன். நீ காப்பித் தட்டோடு உள்ளே இருந்ததால் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அங்கேயே என்னைத் திருத்தியிருப்பாய்.

பத்திரிகையைப் பாதி ஊருக்குக் கொடுத்து முடித்த சமயத்தில் உனக்கு வேலை உத்தரவு வந்தது. ராஞ்சிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து காடு மலையெல்லாம் நடந்து பாறை பார்க்கிற வேலை. நீ குதித்த குதியில் கீழ்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் உடனே ஓடைப்பட்டிக்குப் போன் போட்டேன். சம்பந்தியம்மாதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப எங்க மாடி என்னாகுறதுண்ணே?" என்றார். எந்த மாடி என்றேன். "மருமக வந்து வேல பாக்கணும்னு மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கோம். பின்னாடி தென்னமரம் மறைக்குதுன்னு ஆள் விட்டு மட்டையெல்லாம் கழிச்சு விட்டோம். ஏண்ணே, நிலா ராஞ்சிக்குப் போனாத்தேன் தெரியுமா? இங்கன தெரியாதா?"

போனை வைத்துவிட்டுப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். நிலவு, இயல், நிலவியல். இலக்கணம் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றது. நிலம் என்பதில் மகரம் கெட்டு, நடுவில் வகரம் வந்தாலும் நிலவியல்தான். நிலவு என்பதில் கடைசி உகரம் ஓடிப்போனாலும் நிலவியல்தான். எத்தனை வருடம் கரும்பலகையில் 'பிரித்து எழுதுக' என்று எழுதிப் போட்டிருப்பேன். என் வீட்டுப் பத்திரிகையில் இருந்த சொல்லைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த அம்மா ஓடைப்பட்டித் தெரு முழுக்க, மருமகள் நிலா படித்தவள் என்று சொல்லி வைத்திருந்தார். தப்பு என்று எப்படிச் சொல்வது? எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

உங்கம்மா பயந்துவிட்டாள். நிலா போனால் போகட்டும், மாடியிலிருந்தே வேலை என்று நான் சொன்னது வாக்கு மாதிரி ஆகிவிட்டதே. பத்திரிகை கொடுத்த பிறகு கல்யாணம் நின்றால் என்ன ஆகும்? "வேலைய இப்போதைக்கு வேணாம்னு எழுதிப் போட்டுறச் சொல்லுவோமா?" என்று அடுப்படியில் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நானும் உடனே மறுக்கவில்லை. நீ எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். அழவில்லை, கத்தவில்லை. "நாளைக்கு நானே அங்கன வந்து சொல்றேன்ப்பா" என்றாய். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாவது என்று உங்கம்மா தலையில் கை வைத்தாள். "மாப்ள வீட்டுக்குப் போகலம்மா. அவுக வெள்ளையடிச்ச ரூமப் பாக்கப் போறேன்" என்றாய்.

மறுநாள் சாயங்காலம் நாம் மூன்று பேரும் ஓடைப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். சம்பந்தியம்மா வரவேற்றார், ஆனால் முகத்தில் பழைய மலர்ச்சி இல்லை. நேரே மாடிக்குத்தான் கூட்டிப் போனார். அறையில் சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. கிழக்குப் பக்க ஜன்னலுக்கு நேராக ஒரு மேஜை, ஒரு நாற்காலி. வெளியே முடி வெட்டிவிட்ட பையன்கள் மாதிரி இரண்டு தென்னைகள். தப்பு என் மேல்தான் என்று ஆரம்பித்து, நிலத்தையும் நிலவையும் பிரித்துச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டேன். சம்பந்தி சிரித்துவிட்டார். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை.

"அப்ப நிலா இல்லையா?" என்றார்.

நீ என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தே சொன்னாய். "நிலாவுல இருந்து கல்லு கொண்டாந்தா அதையும் எங்க படிப்பு படிச்சவுகதான் பாக்குறாக அத்தே. ஆனா நான் பாக்கப்போறது இந்தப் பூமிக் கல்லுத்தேன். அது மாடியில இருந்து முடியாது. அங்கன போயி, நடந்து, ஒடைச்சுப் பாக்கணும்."

"மாடியில இருந்தே செய்யலாம்னு அண்ணன் சொன்னாகளே. இன்னைக்கு இது மாறுது. நாளைக்கு இன்னொண்ணு மாறுனா நா யாரப் போயிக் கேக்க?"

நியாயமான கேள்வி அது. நான் வாயைத் திறந்தேன். நீ கையைக் காட்டி என்னை நிறுத்தினாய். "அப்பா தெரியாம சொன்னது அத்தே. நான் இப்பத்தேன் மொதத் தடவையா ஒங்ககிட்டப் பேசுறேன். நான் சொல்றது மாறாது. எனக்கு இந்த வேல வேணும். ஒங்க வீடும் வேணும். கல்யாணம் முடிஞ்சப்பறம் இதச் சொன்னா ஏமாத்துன மாதிரி ஆயிரும், அதேன் வந்தேன்." உங்கம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா அறைவாசலில் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்னாடா ஒண்ணுஞ் சொல்லாம நிக்கிற? கோர்ட்டுல மட்டுந்தேன் வாய் வருமா?"

"கோர்ட்டுக்கு மே மாசம் லீவும்மா, நான் ராஞ்சிக்குப் போயிக்கிறேன். அவுகளுக்கு லீவு கெடச்சா இங்கன வருவாக. நாங்க ரெண்டு பேரும் இதப் பேசிட்டோம். ஒங்ககிட்டச் சொல்ல எனக்குத்தேன் தைரியமில்ல" என்றார் மாப்பிள்ளை. ஊர்த் தகராறையெல்லாம் தீர்த்து வைக்கிற வக்கீல், தாயாருக்கு முன்னால் கட்சிக்காரர் மாதிரி நின்றார்.

சம்பந்தியம்மா கீழே இறங்கினார். நாமும் பின்னாலேயே போனோம். வீட்டுக்குப் பின்னால் திராட்சைப் பந்தல். நீ பந்தலைத் தாங்குகிற கல்லுக்கால் ஒன்றின் முன்னால் நின்று, பையிலிருந்து உன் சின்ன லென்ஸை எடுத்து அவரிடம் நீட்டினாய். கல்லோடு ஒட்டிவைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னாய். அவர் கட்டாயத்துக்குப் பார்க்கிற மாதிரிதான் குனிந்தார். பிறகு நிமிரவே இல்லை.

"என்னாத்தா இது, சேப்பா மினுக்குது?"

"அது கார்னெட்டு அத்தே, கம்மல்ல வைப்பாகளே, அந்த ஜாதி. இந்தக் கல்லு ரொம்ப ஆழத்துல, மலைக்கெல்லாம் அடியில வெந்து வந்தது."

"இதுலதேன் நா தெனமும் துண்டக் காயப்போடுறேன்" என்றார் அவர். அடுத்த காலுக்கு நகர்ந்தார். அதற்கு அடுத்த காலுக்கும் போனார். வெளிச்சம் மங்குகிற வரை அவரும் நீயும் பந்தலுக்குள் குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தீர்கள். நாங்கள் நான்கு பேரும் தோட்டத்து ஓரத்தில் வாய்தாவுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றோம். கடைசியில் லென்ஸை உன் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராஞ்சியில நிலா தெரியுமா?" என்றார்.

"தெரியும் அத்தே."

"இதே நிலாதான?"

"இதேதான்."

"அப்ப பௌர்ணமிக்குப் பௌர்ணமி எனக்குப் போன் போடு. நீ அங்கன பாரு, நா நம்ம மாடியில இருந்து பாக்குறேன். மட்டை வெட்டுன கூலி வீணாப் போகக்கூடாதுல்ல." இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் சிரித்தார். உங்கம்மா என் சட்டையை விட்டாள். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கல்யாணமான புதிதுக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

உனக்கு அறிவுரை சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத, அன்றைக்கு நடந்ததைத் தவிரச் சொல்வதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. போகிற ஊரில் உன்னைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். பேச்சு புரியாது, பழக்கம் புரியாது, கையில் சுத்தியலோடு ஒரு பெண் ஏன் மலையேறுகிறாள் என்றும் புரியாது. கோபம் வந்தால் ஒரு நிமிடம் பொறு. அந்தத் தப்பை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார். சம்பந்தியம்மா தப்பாகப் புரிந்துகொண்டார், அதை வைத்து ஒரு அறைக்கு வெள்ளையடித்தார். சரியாகப் புரிந்துகொண்டவர்களில் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

இன்னொன்று. நிலம் என்ற சொல்லுக்கு வேர் 'நில்' என்று சொல்வார்கள். நிலவு என்பதும் அதே வேர்தானா என்பதில் பண்டிதர்களுக்குள் சண்டை உண்டு. நிலவுதல் என்றால் நிலைத்திருப்பது என்றும் பொருள், ஒளிவீசுவது என்றும் பொருள். பண்டிதர்கள் மெதுவாகத் தீர்த்துக்கொள்ளட்டும். நான் அந்த மாடி அறையில் என் மகள் நின்றதைப் பார்த்தேன். நானும் உங்கம்மாவும் உன்னைக் கொஞ்சம் வளைத்துவிடலாமா என்று யோசித்த நேரத்தில் நீ வளையாமல், யாரையும் நோகடிக்காமல், நின்றாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது. நேரில் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று எழுதுகிறேன்.

கல்யாணப் பந்தியில் நடந்தது உனக்குத் தெரியாது, நீ மணமேடையில் இருந்தாய். தேவாரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை பக்கத்து உறவுக்காரர் ஒருவர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதென்ன மைனி, நிலமா, நிலவா?" என்று சம்பந்தியம்மாவிடம் கேட்டார். நான் பாயசத்தை வைத்துவிட்டு, விளக்கம் சொல்ல எழுந்தேன். அதற்குள் சம்பந்தியம்மா அப்பள வாளியைக் கையில் பிடித்தபடியே, "எம் மருமக ரெண்டும் படிச்சிருக்கா, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்து பாயசத்தை முடித்தேன். என் வேலையில் அவ்வளவு சுருக்கமாக நான் எதையும் விளக்கியதில்லை.

கட்டின் கடைசி அட்டைக்கு வந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் பௌர்ணமி வருகிறது. அன்றைக்கு இங்கே உங்கம்மா சாயங்காலத்திலிருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருக்கட்டும். நீ முதலில் ஓடைப்பட்டிக்குப் போடு. அவர் மாடியேறி, மூச்சு வாங்கி, நிலாவைக் கண்டுபிடித்து, ஆசை தீரப் பேசி முடிக்கட்டும். அதற்குப் பிறகு எங்களுக்குப் போடு. அது வரைக்கும் உங்கம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
அப்பா